பத்தாவது குறை

"இன்னாம்மா, லட்சத்துப் பத்தாயிரமா? இந்தத் தகரத்துக்கா? பேரீச்சம்பழக்காரன்கூட நின்னு பாக்காம போயிடுவான்!"

ஆட்டு வியாபாரி சின்னக்கண்ணு அந்தப் பழைய பிக்கப்பின் டயரைக் காலால் ஒரு எத்து எத்தினார். டயரை எத்துகிறவன் வாங்காமல் போகமாட்டான் என்பது தரகர் கொளஞ்சியப்பனின் முப்பது வருஷத்து அனுபவம். ஆனாலும் இன்றைக்கு அவருக்கே அதில் நம்பிக்கை வரவில்லை.

வண்டியின் ராசி அப்படி. மூன்று மாதத்துக்கு முன்னால், மலைமேலே வெள்ளிமலைப் பக்கம் ஓர் இரவில் பதினெட்டு ஆடுகள் களவு போயின. ஏற்றிப் போனது இந்த வண்டி. திருட வந்தவன் சத்தமில்லாமல் போனானா என்றால் அதுவும் இல்லை. விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே போயிருக்கிறான். ஊரே எழுந்து வந்து நம்பரைப் பார்த்துவிட்டது. விடிந்து பார்த்தால், கச்சிராயபாளையத்தில் வண்டிக்குச் சொந்தக்காரன் மார்ட்டின் வீட்டு வாசலில் வண்டி ஒன்றும் தெரியாததுபோல நிற்கிறது.

"ரோட்டோரம் நிறுத்துன வண்டிங்க. எவனோ எடுத்துக்கினு போயி திரும்ப வுட்டுட்டான்" என்ற மார்ட்டினின் பேச்சு எடுபடவில்லை. அன்றைக்கு உள்ளே போனவன்தான். அவனை வெளியே கொண்டுவர அவன் மனைவி செலினா ஏறாத படியில்லை.

போன வாரம்தான் கோர்ட்டில் பத்திரம் எழுதிக் கொடுத்து, போலீஸ் ஸ்டேஷனில் கிடந்த வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தாள். அன்றே கொளஞ்சியப்பனுக்குச் சொல்லி அனுப்பினாள்.

"கொஞ்சம் டிங்கரிங் பண்ணி பெயிண்ட் அடிச்சிட்டா இருவதாயிரம் ஜாஸ்தி போவும், தங்கச்சி" என்றார் அவர்.

"ஒரு ஸ்க்ரூகூட மாத்தக் கூடாதுண்ணே. இருக்கிறபடியேதான் குடுக்கணும்."

கேஸ் முடிந்துதான் பேர் மாற்ற முடியும். ஆடு திருடின வண்டி என்ற பேர் வேறு. யார் தொடுவார்கள்? வந்தது இரண்டே பேர். ஒருவர் சின்னக்கண்ணு. இன்னொருத்தி, புங்கமரத்தடியில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுபஸ்ரீ. நைனார்பாளையத்தில் காய்கறிக் கடை போடப்போகிறாளாம்.

"வெல லட்சத்துப் பத்துதான்" என்றாள் செலினா. "ஆனா குறை இருந்தா சொல்லுங்க. ஒரு குறைக்கு ரெண்டாயிரம் கழிச்சிக்கலாம்."

கொளஞ்சியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தே பாதி விலைக்கு இறக்குகிற ஆளிடம் சொல்கிற பேச்சா இது?

சின்னக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "டயரு நாலும் என் தலையாட்டம் வழுக்க. ஒண்ணு. கதவுக்குக் கயிறு கட்டிக்கீது. ரெண்டு. உள்ள குந்துனா ஓட்டையில ரோடு தெரியுது. மூணு. பேட்டரி செத்துக் கெடக்குது, ஹார்னுகூட அடிக்கல. நாலு..."

ஒன்பதில் வந்து நின்றார்.

எஞ்சினைப் பற்றி மட்டும் மூச்சில்லை. எஞ்சின் சத்தம் கேட்காமல் வண்டி வாங்கின ஆளைக் கொளஞ்சியப்பன் பார்த்ததே இல்லை.

"எஞ்சின்..?" என்று வாய் தவறிக் கேட்டும்விட்டார்.

"அது கல்லு மாதிரி இருக்கும்யா. நீ சும்மா இரு. இந்தாம்மா, தொண்ணூறு. முடிச்சிக்கோ."

"ஒம்பது குறைன்னா தொண்ணூத்திரண்டு ஆவுதுங்க."

"தொண்ணூறுக்கு மேல ஒத்த ரூபா கெடையாது."

"அப்ப பத்தாவது குறையச் சொல்லுங்க."

"அக்கா, தொண்ணூத்திரண்டுன்னா நானே எடுத்துக்கிறேன்" என்று சுபஸ்ரீ கைப்பையோடு எழுந்து வந்தாள்.

கொளஞ்சியப்பன் சின்னக்கண்ணுவின் காதருகே போனார். "ரெண்டாயிரத்துல கைய வுட்டுடாதீங்க. செலினா வூட்டுக்காரன் உள்ள கெடக்கிறான், பாவம்..."

"அதுக்கு நான் இன்னா பண்றது?"

சின்னக்கண்ணு வண்டியை மறுபடி ஒரு சுற்றுச் சுற்றினார். பானெட்டைத் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. செலினாவின் விரல்கள் கழுத்துச் சிலுவையை இறுகப் பிடித்திருந்தன. வியாபாரம் கலைந்துவிடுமோ என்று பயப்படுகிறாள் என நினைத்துக்கொண்டார் கொளஞ்சியப்பன்.

"இன்னாண்ணே, சரக்கு தீந்துபோச்சா?" சுபஸ்ரீ சிரித்தாள். "பெரிய வியாபாரின்னு சொன்னாங்க."

சின்னக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. "யாருகிட்டம்மா பேசற? ஹெட்லைட்டப் போட்டா இதுல ஹார்னு தானா அடிக்கும். லைட்ட அணைக்கிற வரைக்கும் நிக்காது. இது குறை இல்லியா? பத்து! புடிம்மா தொண்ணூறு!"

நீட்டிய நோட்டுக்கட்டை யாரும் வாங்கவில்லை.

கொளஞ்சியப்பனின் பார்வை செத்த பேட்டரியின்மேல் போய் நின்றது. மூன்று மாதமாக இந்த வண்டியில் லைட்டும் எரியவில்லை, ஹார்னும் அடிக்கவில்லை.

"அன்னிக்கு சாயந்தரந்தான் எலி வயரைக் கடிச்சி அப்படி ஆச்சி" என்றாள் செலினா. "காலையில சரி பண்ணலாம்னு நிறுத்துனாரு. அது தெரிஞ்சது எனக்கும் அவருக்கும்தான். அப்புறம், அன்னிக்கு ராத்திரி ஓட்டுன ஆளுக்கு."

சுபஸ்ரீ கைப்பையைத் திறந்தாள். பணத்துக்குப் பதிலாக வெளியே வந்தது போலீஸ் அடையாள அட்டை. வேலையில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்த புது எஸ்.ஐ., சின்னக்கண்ணுவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கொளஞ்சியப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு வண்டி வேணாம்ண்ணே. இவரை மட்டும் எடுத்துக்கிறேன்."