ஓட்டுகிறவரின் எடை

"சாரோட எடை எவ்வளவுங்க அம்மணி?" என்று தம்பிதுரை கேட்டார்.

"எழுபத்தாறுங்க" என்றேன்.

தயங்காமல் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூரிலிருந்து கிணத்துக்கடவு வரும்வரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த எண்.

தம்பிதுரையின் ஒர்க்‌ஷாப்பில் எங்கள் கார் நான்கு தட்டுகளின் மேல் நின்றது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் கீழே ஓர் எடைத்தட்டு. மேசைமேல் சின்னத் திரை. அதில் நான்கு எண்கள்.

ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்த்து, அதற்கேற்ப ஸ்பிரிங்குகளை ஏற்றி இறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்க வளைவில் நன்றாகத் திரும்பும் கார் மறுபக்க வளைவில் முரண்டு பிடிக்குமாம்.

என் வீட்டுக்காரர் அருள்தான் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "நீங்க படுங்க, நான் போயிட்டு வாரேன்" என்று நான் கிளம்பிவிட்டேன். அந்தத் திரை அரைக் கிலோவைக்கூடக் காட்டும்.

வீட்டில் அவருக்கு அல்சர். அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையான நோய் என்னவென்று எனக்கும் மகன் மிதுனுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். மூன்று வாரத்துக்கொரு முறை ஏற்றும் மருந்துக்குச் சத்து மருந்து என்று பெயர்.

பாத்ரூமில் இருந்த எடைக் கருவியைப் பரணில் போட்டேன். ஆஸ்பத்திரி நர்ஸிடம் எடையை எழுதிக்கொள்ளுங்கள், வாய்விட்டுச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவருடைய பேன்ட்டுகளை இரண்டிரண்டாகக் காந்திபுரத்துத் தையல்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்து, இருந்த வரிசையிலேயே பீரோவில் மாட்டினேன்.

அவர் எதையும் கேட்கவில்லை. கேட்காததை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தக் காரைத் தேர்ந்தெடுக்கவே அவருக்கு இரண்டு வருடம் ஆனது. பீளமேட்டில் ஒன்று வந்தது. இதைவிடப் பெரிய இன்ஜின், பளபளப்பு. வேண்டாம் என்றுவிட்டு, கொச்சியில் கிடந்த இந்தப் பழைய இரண்டு சீட்டுக் காரைப் பிடித்துவந்தார். "பவரை யாரு வேணாலும் ஏத்திப்போடுவான் புவனா. எடையக் கொறைக்கறதுதான் வேலை" என்றார்.

பிறகு அவரும் தம்பிதுரையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். ஏசி, பாட்டுப்பெட்டி, ஸ்டெப்னி, தரைவிரிப்பு. கழற்றியதை எல்லாம் எடை போட்டுச் சுவரில் சாக்பீஸால் எழுதினார்கள்.

போன மாதம் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு, "என்னையும் எறக்கிவிட்டா இன்னும் வேகமாப் போகும்" என்றார் அருள்.

"அப்புறம் ஓட்டறது ஆருங்க?" என்றார் தம்பிதுரை.

"புவனா ஓட்டுவா. ஊட்டையே அவதான ஓட்டறா."

மூவரும் சிரித்தோம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் பத்துச் சுற்று. கூடாது என்று சொல்லுங்கள் எனக் கேட்கத்தான் டாக்டரிடம் போனேன். "ஆசைப்பட்டா விட்டுருங்கம்மா" என்றார் அவர்.

தம்பிதுரை பழைய டியூபில் மணல் அடைத்த பைகளைத் தூக்கிவந்தார். ஒன்று பத்துக் கிலோ. ஓட்டுகிறவர் சீட்டில் ஏழு பைகளை அடுக்கினார். மேலே ஐந்து கிலோப் பை ஒன்று. மிச்சம் ஒரு கிலோவுக்கு உப்புப் பாக்கெட்.

சீட்டில் ஓர் ஆள் அளவுக்கு எழும்பி நின்றது. நான்கு மாதத்துக்கு முந்தைய ஆள்.

மேலே இருந்த பை சரிந்தது. "கொஞ்சம் பெல்ட்டப் போட்டுவுடுங்க அம்மணி" என்றார், மேசைப் பக்கம் நின்றபடி.

குனிந்து, பைகளைச் சுற்றிப் பெல்ட்டைப் போட்டு இறுக்கினேன். அப்போதுதான் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகித டேப் கண்ணில் பட்டது. அதில் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு எண்கள். மேலே செவ்வாய்க்கிழமைத் தேதி. அடியில், 'ஓட்டுகிறவர் 53'.

வலப்பக்கம் சாயும் எழுத்து. அருளின் எழுத்து.

செவ்வாய்க்கிழமை நான் சென்னிமலைக்கு வேண்டிக்கொள்ளப் போயிருந்தேன். பகல் முழுக்கத் தூங்கிவிட்டதாகச் சொன்னார்.

இங்கே வந்திருக்கிறார். இந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். திரையைப் பார்த்து, தன் கையாலேயே எழுதியிருக்கிறார். அளவெடுக்கிற வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது. இன்று நடப்பது எனக்காக.

நிமிர்ந்தேன். தம்பிதுரை என் முகத்தைப் பார்த்தார். உடனே திரும்பி, சுத்தமாக இருந்த கைகளைத் துணியில் துடைக்க ஆரம்பித்தார்.

போன் அடித்தது. அருள்.

"முடிஞ்சுதா?"

"நடந்துட்டிருக்குதுங்க."

"எவ்வளவுன்னு சொன்னே?"

டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "எழுபத்தாறுங்க."



"எழுபத்தெட்டா வெக்கச் சொல்லு" என்றார். "இந்த மாசம் நீ ஆக்கிப்போட்டதுல ஏறித்தான் இருப்பேன்."

"செரிங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் தம்பிதுரையிடம், இன்னும் இரண்டு கிலோ வைக்க வேண்டும் என்றேன்.

அவர் இன்னும் இரண்டு உப்புப் பாக்கெட்டுகளை எடுத்துவந்து பெல்ட்டுக்குள் செருகினார்.