பூட்டு யார் கையில்?

"பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டவளுக்கு இந்தப் பெட்டி பேசுறது என்னத்தப் புரியப்போகுது?"

வேலைக்குச் சேர்ந்த அன்று கணினிப் பொறியாளர் விராவன் கேட்டது. பிரசவ ஆஸ்பத்திரியின் பதிவு மேசைக்கு வந்த சுகெர்த்தி அன்றிலிருந்து அந்த லினக்ஸ் கணினிப் பெட்டி காட்டும் ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதி, அர்த்தம் தேடிக்கொண்டாள்.

இன்று தும்பெக் லண்டெப். பாலித் தீவு முழுக்கக் கத்தி, மோட்டார் சைக்கிள், கணினி எல்லாவற்றுக்கும் பூத்தட்டு வைத்து ஓய்வு கொடுக்கும் நாள். பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஏது ஓய்வு? உள்ளே ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு. அவளுக்கு வேண்டியது அபூர்வமான நெகட்டிவ் ரத்தம். கொடுக்கக்கூடியவர்களின் எண்கள் இந்தப் பெட்டிக்குள். பெட்டியோ காலையிலிருந்து பட்டியலைத் திறக்க மறுத்தது.

கோவில் உடுப்போடு ஓடி வந்தார் விராவன். "பூசை நாள்ல இதத் தொட்டது யாரு? நீதானே?"

"சத்தியமா நான் இல்லண்ணா."

அவர் தன் பெயரில் உள்ளே நுழைந்து கட்டளைகளைத் தட்டினார். எத்தனை தட்டினாலும் ஒரே பதில்: ‘வேறொரு வேலை மென்பொருட்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. பூட்டு அதனிடம்.’

"பேயா வந்து புதுப்பிக்குது? பூட்டை உடைச்சு எறியுறேன் பாரு."

"வேணாண்ணா! பாதி மாறின நிலையில உடைச்சா பட்டியலே போயிடும். யார் கையில இருக்குன்னு பாத்துடலாம்."

"எனக்கே பாடமா?"

மருத்துவச்சி ஆர்த்தினி எட்டிப் பார்த்தார். "அங்க ஒருத்தி உசிருக்குப் போராடுறா, இங்க வாய்ச்சண்டையா? நகருங்க சார், அவ பாக்கட்டும்."

சுகெர்த்தி நாற்காலியில் உட்கார்ந்து தேடினாள். பின்னணியில் மூடப்படாமல் ஒரு வேலை கிடந்தது. திறந்தாள்.

நூற்று நாற்பது மென்பொருட்கள் மாறி முடிந்திருந்தன. பட்டியலைத் திறக்கும் மென்பொருளுக்கு முன்னால் மட்டும் ஒரு கேள்வி: ‘பழைய அமைப்பையே வைத்துக்கொள்ளவா? ஆம், இல்லை?’

பதில் வரவில்லை. அதனால் எதையும் சிந்தாமல், வேறு எவரையும் கைவைக்க விடாமல், அத்தனையையும் தாங்கிக்கொண்டு ஐந்து மணி நேரமாக அப்படியே நின்றிருந்தது பெட்டி. ஒரே ஓர் எழுத்துக்காக.

"அம்மாடி... என்ன பொறுமை!" அவளுக்குக் கண் கலங்கியது.

‘ஆம்’ என்பதற்கான எழுத்தைத் தட்டினாள். வரிகள் மழையாய்க் கொட்டின. பட்டியல் திறந்தது. எண்ணை வாங்கிக்கொண்டு ஓடிய ஆர்த்தினியின் குரல் வராந்தாவிலிருந்து கேட்டது. "ரத்தம் குடுக்கிறவர் கிளம்பிட்டாராம்! பத்தே நிமிஷம்!"

விராவன் தொண்டையைச் செருமினார். "இத ஆரம்பிச்சுட்டுப் பாதியில ஓடுன களவாணி எவன்? பேரைச் சொல்லு, இன்னைக்கே சீட்டைக் கிழிக்கிறேன்."

சுகெர்த்தி தலை நிமிராமல் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

‘விராவன், வீட்டு மடிக்கணினியிலிருந்து. தொடக்கம் காலை 6.10. தொடர்பு அறுந்தது 6.25.’

எல்லா வீடுகளிலும் மடிக்கணினியை மூடிப் பூத்தட்டு வைக்கும் நேரம்.

விராவன் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வெளியே போனார்.