ஏரியில் ஓர் ஏணி

அடுக்குமாடியின் சூட்சுமம் எளிது. ஒரு வீட்டின் கூரையே மேல்வீட்டுக்குத் தரை. நடுவில் இருக்கும் வீட்டைச் சூடு அவ்வளவாக அண்டாது, ஏசியும் குறைவாக ஓடும். தரையில் பரந்து கிடக்கும் வீடுகளை இப்படி நிமிர்த்தி அடுக்கிவிட்டால், அடியில் புதைந்த ஏரி திரும்பி வரும். குடிமாற்ற அதிகாரியான மாணிக்கவாசகம், தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டித்தான் தங்கை பூங்கோதைக்கு இதைப் புரியவைத்தார். அவளும் தன் தரைவீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு அறுபதாம் மாடிக்கு வந்தாள்.

மழைக்குப் பின் ஒரு காலை, அவள் வீடு இருந்த இடத்தில் தண்ணீர் மின்னியது.

“ஏங்க, நம்ம ஏரி வந்துடுச்சு!”

“ஏரித்தண்ணி என்னைக்குடி இவ்ளோ நீலமா இருந்துச்சு?” என்றான் கணவன்.

பால்கனியின் தொடுதிரைக் கண்ணாடியில் இரு விரல்களை வைத்து விரித்தாள். காட்சி அருகே வந்தது. புதிய பங்களா ஒன்று. அதன் நீச்சல்குளத்தில் அண்ணன்.

உடனே போன் செய்தாள். அவர் ஈரக்கையோடு எடுத்தார்.

“அண்ணா, ஏரி நிறைஞ்சிடுச்சா?”

“நிறையுதும்மா. இயற்கை இல்லையா, மெதுவாத்தான் நடக்கும்.”

“சரிண்ணா. ஏரிக்கு எதுக்கு ஏணி?”

எதையும் பொறுமையாக விளக்கும் அண்ணன், குளத்து ஏணியைப் பிடித்தபடி அறுபதாம் மாடியை அண்ணாந்து பார்த்தார்.