ஒன்பதாம் நம்பர் போட்ட கோல்

"சரியா எழுதினது ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வரலாம் சார். தப்பு எப்படி ஒரே மாதிரி வரும்?"

உதவி ஆசிரியர் இரண்டு செய்தித்தாள்களையும் ஆசிரியரின் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். அலுவலகத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அடுத்தவர் எழுத்தில் ஒரு பிழை கிடைத்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

எதிரே விளையாட்டு நிருபர் தலை குனிந்து நின்றிருந்தாள். கால்பந்து அரையிறுதி பற்றி அவள் எழுதிய செய்தியில் மூன்று பத்தி, போட்டிப் பத்திரிகையில் வந்தது போலவே வரிக்கு வரி இருந்தது.

"ஆட்டம் முடிஞ்ச கையோட அவங்க இணையத்துல போட்டுட்டாங்க. நம்ம பேப்பர் மறுநாள் காலையிலதான். கோல் போட்டது ஆறாம் நம்பர். ரெண்டுலயும் ஒன்பதாம் நம்பர்னு இருக்கு. ஊரே சிரிக்குது சார். அவங்க ஆசிரியர் புகாரே அனுப்பிட்டார்."

ஆசிரியர் நிமிர்ந்தார். "ஏம்மா, ஒன்பது எங்கேருந்து வந்துச்சு?"

"கோல் போட்டதும் அவன் குட்டிக்கரணம் அடிச்சான் சார். தலைகீழா இருக்கும்போது முதுகைப் பார்த்துட்டேன்."

ஆசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூதக்கண்ணாடிக்கு வரவில்லை.

"இவங்க ஏமாந்தாங்க, சரி. விசில் சாருமா ஏமாந்தார்?"

விசில் என்பவர் போட்டிப் பத்திரிகையின் மூத்த நிருபர். கடைசி விசில் சத்தம் அடங்குவதற்குள் முழுச் செய்தியையும் போனில் சொல்லி முடித்துவிடுவார். அதனால் வந்த பெயர்.

"இவங்க எப்பவும் அவர் பக்கத்து சீட்லதான் உக்காருவாங்க சார். ஆட்டம் பூரா அவர் காதுல தொணதொணன்னு பேச்சு. அவர் போன்ல சொல்லும்போது மட்டும் கப்சிப். எதுக்கு? அப்படியே காதுல வாங்கிக்கத்தான்!"

"அப்படியாம்மா?"

அவள் மேஜையில் கிடந்த பேப்பரின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"இதோ பாரும்மா. உலகப் போட்டிக்கு உன்னைத்தான் அனுப்பறதா இருக்கேன். காப்பியடிச்சவங்கற பேரோட அனுப்ப முடியாது. சொல்றதுக்கு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு."

அந்தப் பயணத்துக்காக அவள் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்தாள். வீட்டில் மகள் இப்போதே பெரிய பெட்டியைத் தூசி தட்டி வைத்திருக்கிறாள்.

"ஒண்ணுமில்ல சார். தப்பு என்னோடதுதான்."

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் பூதக்கண்ணாடி.

அப்போது கதவு திறந்தது. விசிலே வந்துவிட்டார். திருடுபோன வரிகளை அடையாளம் காட்டிவிட்டு வரச்சொல்லி அவருடைய பத்திரிகை ஆசிரியர் அனுப்பியிருந்தார். இரண்டடி வைப்பதற்குள் நாற்காலியில் இடித்துக்கொண்டார்.

"இந்த நாற்காலி எந்த டீம் சார்? வந்ததும் வராததுமா காலை வாருதே!"

அவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஐஸ் வைக்கறதைப் பாருங்க" என்று பூதக்கண்ணாடி முணுமுணுத்தார்.

"சார், இவ காப்பியடிக்கிற ஆளே இல்ல. உண்மையில நான்தான்..." என்று ஆரம்பித்தார் விசில்.

"அண்ணா, நீங்க சும்மா இருங்க. நான் பார்த்துக்கறேன்." அவள் அவர் தோளை அழுத்தினாள்.

ஆசிரியர் ஒரு செய்தித்தாளை எடுத்து அவரிடம் நீட்டினார். "உங்க வரி எதுன்னு நீங்களே காட்டிடுங்க சார். முடிச்சுடலாம்."

விசில் தயங்கினார். பிறகு அதை வாங்கி, கெத்தாக ஒரு உதறு உதறி, விரல் வைத்தார்.

"இதோ, இங்கேருந்து இதுவரைக்கும்."

விரல் ஓடியது ஒரு தலைவலி மாத்திரை விளம்பரத்தின் மேல். பேப்பரும் தலைகீழாக இருந்தது.

ஆசிரியர் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த பேப்பரை மெல்ல நேராகத் திருப்பினார்.

"கண் ஆபரேஷன் எப்போ சார்?"

விசில் பெருமூச்சு விட்டார். "இறுதிப் போட்டி முடிஞ்ச மறுநாள். புரைதான். எடுத்துட்டா பளிச்சுன்னு ஆயிடும்னு டாக்டர் சொல்றார். அதுக்கு முன்னாடி ஆபீஸ்ல தெரிஞ்சா என்னை மைதானத்துப் பக்கமே விடமாட்டாங்க. அதான் மறைச்சேன். பந்து யார்கிட்ட, யார் விழுந்தான், எல்லாத்தையும் இவதான் என் காதுல சொல்லுவா. நான் அதை அப்படியே போன்ல ஒப்பிச்சுடுவேன். குட்டிக்கரணத்தையும் சேர்த்துத்தான்."

ஆசிரியர் அவள் பக்கம் திரும்பினார். "இதை ஏம்மா சொல்லல?"

"காப்பியடிச்சவன்னு பேர் வந்தா நாலு செய்தி நல்லா எழுதி அதை மாத்திக்கலாம் சார். கண்ணு தெரியாதவர்னு பேர் வந்தா அண்ணா என்ன பண்ணுவார்?"

பூதக்கண்ணாடி, வழியில் கிடந்த அந்த நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டார்.

மேஜையில் போன் அடித்தது. போட்டிப் பத்திரிகை ஆசிரியர். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார் ஆசிரியர்.

"என்ன சார், விசாரிச்சீங்களா? இந்த சீசன்ல எழுதற மாதிரி எங்க விசில் என்னைக்குமே எழுதினதில்ல. என்ன நடை! என்ன துள்ளல்! அதைப் போய்த் திருடிட்டாங்களே. திருட்டு உறுதியாயிடுச்சா, இல்லையா?"

அவள் தடுப்பதற்குள் விசில் போன் சத்தம் வந்த பக்கம் குனிந்துவிட்டார்.

"உறுதியாயிடுச்சு சார். திருடன் நான்தான். இந்த சீசன் பூரா நீங்க என் பேர்ல போட்டது இவ சொன்ன வரிதான். எனக்குத்தான் கண்ணு தெரியல... உங்களுக்குமா தெரியல?"