பாலத்தில் கழலும் பெட்டிகள்

ரயில் கதைன்னு சொன்னதும் நிமிந்து ஒக்காந்துட்டீங்க பாரு! கொலையா, கொள்ளையா, டிக்கெட் இல்லாம மாட்டின மாமியாரா? ஆசைய பாரு. இது ரெண்டு முழ ரயிலுங்க. இஞ்சின் ஒண்ணு, தகரப் பெட்டி ஆறு. அதுலயும் பெட்டிய பெட்டியோட மாட்டற கொக்கியப் பத்தின கதை. எழுந்து போறவங்க இப்பவே போயிடலாம்.

ஒருத்தரும் போவல. சரி, கேளுங்க.

திருத்தணி மெட்ராஸுக்கு, சித்தூரு ஆந்திராவுக்குன்னு எல்லைத் தகராறு தீர்ந்த வருஷம். இங்க சித்தூரு தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தா கிருபானந்தம்னு ஒருத்தரு. "நான் மெட்ராஸ் பக்கமே போறேன்"னு எழுதிக் குடுத்துட்டாரு. திங்கக்கிழம திருத்தணியில வேலைக்கு சேரணும்.

பிஸ்கட் டப்பா தகரத்த வெட்டி, மூணு வருஷமா அவரே பண்ண பெட்டிங்க அது. ஊர விட்டுப் போறதுக்கு முன்னால, பொறந்ததுலேருந்து கூட இருந்த சர்ச்சு ஜனம் பார்க்க, கழலாம ஒரே ஒரு முழு சுத்து ஓட்டிக் காட்டணும். அவ்ளோதான் மனுஷனோட ஆசை.

மிஷன் ஹால்ல சனிக்கிழம அறுப்புப் பண்டிகை. பெஞ்சுங்கள ஒட்டிப் போட்டு, மேல பலகைய பரப்பி, வட்டமா தண்டவாளம். சாவி குடுத்தா ஓடற இஞ்சின். திருப்பதியில கெளம்பி, ஒரு பாலம் தாண்டி, பாகாலா, சித்தூரு, மறுபடி திருப்பதி.

"சத்தத்துக்கு சிட்டிபாபு அண்ணனக் கூப்புடுங்க"ன்னு சொன்னதும் அவருதான்.

சிட்டிபாபு நான்தான். நாடகக் கம்பெனி கலைஞ்சி ஒரு வருஷம். அதுக்கப்புறம் எனக்குக் கெடச்ச மொத மேடை அது.

விசில், ஆவி, டீ விக்கறவன், தெலுங்குல அதட்டற ஸ்டேஷன் மாஸ்டரு, தமிழ்ல முனகற போர்ட்டரு, எல்லாம் நானே. பாலம் வந்துச்சின்னா ரெண்டு கையாலயும் பலகைல தடதடதடதடன்னு ஒரு அடி. கண்ண மூடிக்கினா சொர்ணமுகி ஆத்து மேல போற மாதிரியே இருக்கும். நான் சொல்லல, ஜனம் சொல்லிச்சி.

மொத நாளு ஒத்திகை. பாலம் வந்துது. இஞ்சின் போயிடுச்சி. நாலு பெட்டி பாலத்துலயே நின்னுக்கிச்சி.

கிருபானந்தம் குனிஞ்சி பார்த்தாரு. "ஒரு கொக்கி ஒசரம், ஒண்ணு தாழ்வு" அப்படின்னாரு. அட்டைய வெட்டி அளவு வெச்சி, குறடால ஒவ்வொரு கொக்கியா நெளிச்சி ஒரே மட்டத்துக்குக் கொண்டாந்தாரு.

ரெண்டாம் நாளு. பாலம். "மள்ளீ ஊடிபோயிந்தே!"ன்னு யாரோ கத்தினாங்க. மறுபடியும் கழண்டுடுச்சி.

"பெட்டி லேசா இருக்குது, குதிக்குது"ன்னு உள்ள ஈயத்துண்டு வெச்சாரு.

மூணாம் நாளு. கொக்கி மூக்க நீட்டி வளைச்சாரு. அப்பவும் கழண்டுது.

வாய் சும்மா இருக்குமா எனக்கு?

"இன்னா சார், எல்லைத் தீர்ப்பு உங்க ரயிலுக்கும் வந்துடுச்சா? இஞ்சின் ஆந்திராவுக்கு, பெட்டி மெட்ராஸுக்கா?"

ஹாலே சிரிச்சிது. அவரும் சிரிச்சாரு. நான் விடுவனா? கண்ணாடிய மூக்கு நுனிக்குத் தள்ளி, குறடு புடிச்சிக்கினு, அவரு கொரல்லயே, "கொக்கி... கொஞ்சம்... ஒசரம்..." அப்படின்னேன். அடடா, கைதட்டல்! ஒத்திகை பார்க்க வந்த ஜனத்துக்கு முறுக்கு வித்துக்கினு இருந்த அவரு சம்சாரம் லோயிஸ் மட்டும் சிரிக்கல.

சனிக்கிழம சாயந்திரம். ஹால் ரொம்பிடுச்சி. சர்ச்சு செகரட்டரி சாந்தகுமாரு வந்து, "கிருபா, ஒரு தரம்தான். கழண்டுதுன்னா எடுத்துடு. அடுத்தது பாட்டு வெச்சிருக்கோம்" அப்படின்னாரு.

"சரிங்கய்யா."

ஆறு கொக்கியயும் தொட்டுத் தொட்டு பார்த்தாரு. சாவி குடுத்தாரு. நான் விசில் ஊதினேன். திருப்பதி தாண்டிச்சி. பாலம் கிட்ட வரும்போது கிருபானந்தம் தலைய நிமித்தி என்னைய ஒரு பார்வை பார்த்தாரு. 'ஜமாய்ங்க அண்ணே'ன்னு சொல்றாருன்னு நெனச்சிக்கினு, அன்னிக்கு ரெட்டிப்பா தட்டினேன்.

ஆறு பெட்டியும் கழண்டுது. ஒண்ணு கவுந்தே போச்சி.

செகரட்டரி கைய காட்டினாரு. கிருபானந்தம் தண்டவாளத்தத் துண்டு துண்டா எடுத்து டப்பாவுல வெக்க ஆரம்பிச்சாரு.

நான் சும்மா இருந்தனா? பெஞ்சி மேல ஏறி, கண்ணாடிய எறக்கி, "கொக்கி... கொஞ்சம்..."

"போதும்ணா!"

முறுக்குத் தட்ட வெச்சிட்டு லோயிஸ் வந்து நின்னுது.

"எங்க ஊட்ல நாப்பது சுத்து சுத்திச்சி, ஒரு தரம் கழண்டதில்ல. நீங்க பலகைய அடிக்கறீங்களே, அந்த ஆட்டத்துலதான் கொக்கி எகிறுது!"

"லோயிஸு, வேணாம்" அப்படின்னாரு கிருபானந்தம்.

"இன்னா வேணாம்? மொத நாளே இவருக்குத் தெரியும்ணா. ஒரு வருஷம் கழிச்சி மேடை ஏறின மனுஷன தட்டாதீங்கன்னு சொல்ல மனசு வரல. நீங்க அடிக்கற அடிக்குத் தாங்கற கொக்கி எப்படிப் பண்றதுன்னுதான் மூணு நாளா தூங்காம நெளிச்சிக்கினு இருக்காரு!"