இருபதாவது டேக்

பத்தொன்பதாவது டேக்கிலும் பெரியவர் அதே இடத்தில் நின்றுவிட்டார். வாய் திறந்தது, வசனம் வரவில்லை.

"கட்" என்றார் இயக்குநர். "ரெண்டே வார்த்தைங்க ஐயா. 'உன்னை மன்னிச்சுட்டேன்.' சின்னப் பிள்ளைகூட சொல்லிடும்."

"அப்ப சின்னப் பிள்ளையவே கூட்டிட்டு வா" என்றார் பெரியவர்.

தேவாலயத்தின் பின்பக்க அறையைச் சிறைச்சாலையாக மாற்றியிருந்தார்கள். நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. இந்தப் பக்கம் மகனைப் பறிகொடுத்த அப்பா. அந்தப் பக்கம், அவனைச் சண்டையில் குத்திக் கொன்ற கைதி. கைதியை அப்பா மன்னிக்கும் அந்த ஒரு காட்சிக்காகத்தான் மொத்தக் கதையும்.

இயக்குநருக்கு இது ஆறாவது படம். முந்தைய ஐந்தையும் யார் தயவும் இல்லாமல் எடுத்து, புரொஜெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, சபை சபையாகப் போய்த் திரையிட்டவர். பிரசங்கமே இல்லையே என்று போதகர்கள் முகம் சுளித்தார்கள். ஒரே ஜெபமாக இருக்கிறதே என்று திரைப்பட விழாக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். அலைச்சலைப் பார்த்து மாமனார் ஒரு கார் வாங்கித் தருவதாகச் சொன்னபோதும், ஸ்டீயரிங்கையே தொட மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

கேமராவைப் பிடித்திருந்த மச்சினனுக்குப் பொறுமை போய்விட்டது. அத்தானைத் தனியே இழுத்துப்போய்ப் பொரிந்து தள்ளினான். பள்ளி நாடகத்தில்கூடத் தலைகாட்டாத, லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆளை நான்கு தடவை வீட்டு வாசலில் நின்று கெஞ்சிக் கூட்டிவருவானேன்? நடிக்கத் தெரிந்த ஒருத்தர் என்றால் காலையிலேயே மூட்டை கட்டியிருக்கலாமே?

அவர்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னார் இயக்குநர்.

பெரியவரும் வந்ததிலிருந்தே முறைப்பாகத்தான் இருந்தார். ஆரம்ப ஜெபத்துக்கு எல்லோரும் தலை குனிந்தபோது அவர் மட்டும் நிமிர்ந்தே நின்றார். கைதி வேஷம் போட்ட கணக்கு வாத்தியாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், இயக்குநர் கிட்டே வந்ததும் வாயை மூடிக்கொண்டார். அவர் நீட்டிய டீயைக் கையால்கூடத் தொடவில்லை.

இருபதாவது டேக்குக்கு முன்னால் இயக்குநர் வாத்தியாரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தானே போய் உட்கார்ந்துகொண்டு, தன் முகம் தெரியாமல் தோள் மட்டும் தெரிந்தால் போதும் என்று மச்சினனிடம் சொன்னார்.

"இப்ப என்னைப் பாத்துச் சொல்லுங்க ஐயா."

பெரியவர் கண்ணாடிப் பக்கம் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உன்னை... மன்னிச்சுட்டேன்."

குரல் பாதியில் உடைந்திருந்தது. வாத்தியார் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். "கட்" சொல்ல வேண்டியவர் சொல்லாததால், மச்சினனே கேமராவை நிறுத்தினான்.

இயக்குநர் மேஜையில் நெற்றியைக் கவிழ்த்து, தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தார். ஆறு படத்து ஏக்கமும் ஒரே காட்சியில் தீர்ந்துவிட்டது என்று மச்சினன் நினைத்தான். இந்தப் படத்தை இனி எந்த விழாக்காரனும் திருப்பி அனுப்ப முடியாது என்று அத்தானின் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

இயக்குநர் எழுந்து தடுப்பைச் சுற்றி வந்தார். பெரியவர் முன் மண்டியிட்டு அவர் கைகளைப் பற்றினார்.

"இதைக் கேக்கத்தான் ஐயா இத்தனை வருஷமா..."

பெரியவர் கையை உருவிக்கொண்டார். சட்டையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"அது படத்துக்கு. என் மகன் மேல வண்டிய ஏத்தின உனக்கு இல்ல."