அந்தப் பெண்ணின் பக்கத்து அறை

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து அறையில் இன்னும் குரல் கேட்கிறதாம்.

தயாளன் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். எதிரே அவள் தலையசைத்தாள்.

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது.

அந்தப் பெண் சொல்வதைக் கேட்பது ஒரு மனநலக் கவுன்சிலர். அந்தக் கவுன்சிலர் தடுமாறாமல் பார்த்துக்கொள்வது மேற்பார்வையாளர் தயாளன். தயாளன் தடுமாறாமல் பார்த்துக்கொள்வது அவள்.

அவளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அதற்கு மேல் ஒரு மாடி கட்டத் திருச்சியில் எவருக்கும் தோன்றவில்லை.

கீழிருந்து பெயர் மேலே வராது. இந்தத் தொழிலில் அது சட்டம். ஊர், வயது, வேலை எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் ஆணைப் பெண்ணாக்கியும் சொல்லலாம். தயாளனுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

வெளியே தில்லைநகர் வெயிலில் வெந்துகொண்டிருந்தது. உள்ளே ஏசியை எப்போதோ அணைத்தாயிற்று. ஆனாலும் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அந்தப் பெண் தனியாக இருக்கிறாள். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், உள்ளறையில் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். மிரட்டும் குரல் இல்லை. திட்டும் குரலும் இல்லை.

யாரையோ தேற்றும் குரல்.

உள்ளறைக்குப் போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. இப்போது குரல் கூடத்தில் கேட்கிறது.

இதை முதன்முதலில் தயாளன் சொன்ன நாளிலிருந்து அவளுக்கும் தன் வீட்டுச் சமையலறையில் தனியாக நிற்கப் பயம். குக்கர் சத்தம் அடங்கும் வரை திரும்பிப் பார்ப்பதில்லை.

பயம் இப்படித்தான் மாடி ஏறும். கீழே ஒருவர் நடுங்கினால் மேலே இருப்பவர் விளக்கை அணைக்காமல் படுப்பார். தொழிலில் இது சகஜம். அதனால் எது கண்ணில் பட்டாலும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், இது யாருடையது என்று.

தயாளன் இளைத்திருந்தார். அது அந்தப் பெண்ணின் இளைப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

சட்டையில் பொத்தான் மாறியிருந்தது. அதுவும் அந்தப் பெண்ணுடையதுதான்.

பேச்சின் நடுவே வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அந்தப் பெண்.

எதிரே இருப்பவரின் வழியாக இல்லாதவரைப் பார்த்துவிடுவாள் என்று அவளுக்கு ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

போன முறை கண்டிப்பாகவே சொல்லியிருந்தாள். கவுன்சிலர் அந்தப் பெண்ணை ரொம்பவும் தலையில் சுமக்கிறார், கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்று.

"தள்ளி நின்னாச்சு மேடம்," என்றார் தயாளன். "இப்ப அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கு. மீன் தொட்டியக்கூடப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துருச்சு. துணியெல்லாம் மடிச்சு வச்சுருச்சு."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

இது சாக முடிவெடுத்துவிட்டவர்களுக்கு வரும் நிம்மதி என்று அவளுக்குத் தெரியும். படிக்க வந்த முதல் வருடமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

"கவுன்சிலருக்குப் போன் போடுங்க. இப்பவே. பேர் கேக்கக் கூடாதுங்கறதெல்லாம் இதுக்கு இல்ல."

தயாளன் கைப்பேசியை எடுத்தார். மேசைமேல் வைத்தார். எண்ணை அழுத்தவில்லை.

"காலையில குரல் ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சாம் மேடம்."

பிறகு அந்தக் குரல் எப்படிப் பேசும் என்று செய்து காட்டினார். மெல்லத் தொண்டையைச் செருமினார். சற்று நிறுத்தி மறுபடியும் செருமினார்.

"ம்... சொல்லுங்க. அவசரமே இல்ல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

அது அவளுடைய சொந்தக் குரல்.

சொற்கள் போயிருக்கலாம். அவள் சொல்வதைத் தயாளன் எடுத்துக்கொள்வார், அவரிடமிருந்து கவுன்சிலர் எடுத்துக்கொள்வார், கடைசியில் அந்தப் பெண்ணின் காதுக்கும் போய்ச் சேரும். சொற்கள் மாடி இறங்கும்.

செருமல் இறங்காது.

அதைக் கேட்க வேண்டுமென்றால் இந்த அறைக்கு வந்திருக்க வேண்டும். அவளுக்கு எதிரே, இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவள் தயாளனைப் பார்த்தாள். வழியாக அல்ல. அவரையே பார்த்தாள். முகத்தில் பல நாள் தாடி. உதடு வெடித்திருந்தது. இந்த மனிதர் இத்தனை மாதமாக இங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

கவுன்சிலர் இல்லை. அந்தப் பெண்ணும் இல்லை. கீழே இரண்டு மாடியும் காலி.

அவளுக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"வீட்ல யாரு இருக்கா, தயாளன்?"

அவர் சிரித்தார். தொந்தரவு கொடுத்துவிட்டவர் சிரிக்கும் சிரிப்பு அது.

"யாருமில்ல மேடம். நீங்கதான்."

சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நேரத்துக்கு முடிப்பதில் அவர் எப்போதும் ஒழுங்கு. எழுந்தார். நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு, கதவை நோக்கி நடந்தார்.

தொடக் கூடாது. அதுவும் இந்தத் தொழிலில் சட்டம்.

அவள் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அது வியர்வையில் ஈரமாக, மிக லேசாக இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. அடுத்தவர் வந்துவிட்டார்.

அவள் கதவைத் திறக்கவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.